தண்டப்பணமும் ஒரு சோடித் தோடும்

எங்கள் மட்டக்களப்புப் படுவான்கரைப் பக்கத்தில் சிறைக்குப் போனவரை மறியலுக்குப் போனவர் என்பார்கள். அவர் சிறைத்தண்டனை பெற்றுப் போனாரா, விதித்த தண்டப்பணத்தைக் கட்ட முடியாமல் போனாரா என்று எவரும் பிரித்துக் கேட்பதில்லை. எங்கள் வயலில் வேலைசெய்யும் ஒருவர், கசிப்பு என்னும் கள்ளச்சாராயம் வைத்திருந்த குற்றத்தை ஏற்றுக்கொண்டு, தண்டத்தைக் கட்ட வழியில்லாமல் சிறைச்சாலை வாகனத்தில் ஏறிய நாளில்தான் எனக்கே அந்த வேறுபாடு உறைத்தது.

நமது இலங்கையின் தண்டனைச் சட்டக்கோவை, மெக்காலே வரைந்த இந்தியச் சட்டக்கோவையைப் பின்பற்றி 1883இல் இயற்றப்பட்டது. மதுவரிக் கட்டளைச்சட்டம் 1912இல் வந்தது. கட்டத் தவறினால் சிறை என்ற நிபந்தனை இந்தச் சட்ட மரபு முழுவதிலும் ஓடுகிறது.

இதை எனக்கு விளங்கவைத்தவர் சோவியத் சட்ட அறிஞர் பஷுகானிஸ். எல்லா உழைப்பும் நேரத்தால் அளந்து விற்கப்படும் சமூகத்தில்தான், குற்றத்துக்கு ஈடாக இத்தனை மாதம் என்று கணக்கிடும் எண்ணமே தோன்ற முடியும் என 1924இல் அவர் வாதிட்டார். (1937இல் அவரது அரசே அவரைச் சுட்டுக் கொன்றது.) குற்றத்துக்கு இத்தனை காலம் என்று அவர் சொன்ன மாற்று விகிதம் ஒளிவுமறைவின்றித் தெரிவது, கட்டாத பணத்துக்கு இத்தனை நாள் என்னும் தண்டப்பணத்தில்தான், ஆனால் எங்கள் வேலையாளால் கட்ட முடியாத அதே தொகையை ஒரு கடை முதலாளி அன்றைய கல்லாப்பெட்டியிலிருந்து கட்டிவிட்டு மத்தியானச் சோற்றுக்கு வீடு திரும்பியிருப்பார், அவரிடம் எவரும் நாட்களைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

பின்லாந்து 1921 முதல் குற்றத்தின் கடுமைக்கேற்ப நாட்களையும், வருமானத்துக்கேற்ப ஒரு நாளுக்குரிய தொகையையும் தீர்மானிக்கிறது. நியாயமான ஏற்பாடுதான். ஆயினும் விதைப்புக்கும் அறுவடைக்கும் மட்டும் கூலி காண்பவரின் நாள் வருமானமாக எந்த நாளினுடையதை எழுதுவது என்று நினைத்தால் எனக்குத் தயக்கம் வருகிறது.

பஷுகானிசின் கணக்கில் நான் காணாதது எங்கள் வயலில் வேலைசெய்யும் அந்த மனிதரின் மனைவியை. தண்டனை குற்றவாளிக்கு மட்டுமே உரியது என்பது குற்றவியல் சட்டத்தின் அடிப்படை. ஆனால் மூன்றாம் நாள் தன் தோட்டைக் கழற்றி அடகுவைத்து, மீதியை என் அம்மாவிடம் கைமாற்றாக வாங்கிக்கொண்டு, பஸ் ஏறிப் போய்ப் பணத்தைக் கட்டியவர் அவர்தான். பற்றுச்சீட்டில் கணவரின் பெயர் இருந்தது. பெரும்போக வெட்டு முடிந்து கைமாற்றைத் திருப்பிக் கொடுக்க வந்தபோதும் அவருடைய காதில் ஈர்க்குத் துண்டுதான் இருந்தது.