சுவாமிமலையில் விஜய வருஷப் படி

என் பையன் டெங்கு காய்ச்சலில் படுத்திருந்தபோது என் அப்பா வேண்டிக்கொண்டது இது. "சுவாமிநாதா, புள்ளைய எழுப்பிக் குடு, அறுபது படியும் பேர் சொல்லி ஏற வைக்கிறேன்." பையன் எழுந்துவிட்டான். கொஞ்ச நாளில் அப்பா போய்விட்டார். தலைத்திவசம் முடியாமல் மலைக்கோயில் ஏறக் கூடாதே என்று தவித்துக் காத்திருந்து, போன கிருத்திகைக்கு அம்மாவையும் அழைத்துக்கொண்டு போனோம்.

கிருத்திகைக் கூட்டம் கேட்கவா வேண்டும்! கும்பகோணத்திலிருந்தே பஸ்ஸில் நின்றுகொண்டுதான். இறங்கியதும் ஒருவர் ஒட்டிக்கொண்டார், ஐந்நூறு கொடுத்தால் நேரே சன்னதியாம். முருகனைப் பார்க்க இடைத்தரகர் எதற்கு? வயிறு எரிந்தது. அப்பா எங்களை ஒருநாளும் குறுக்கே அழைத்துப் போனதில்லை. "நிக்கிற நேரம் அவனுக்குக் குடுக்குறது" என்பார். நின்றோம்.

கீழே சுந்தரேஸ்வரரையும் மீனாட்சியையும் வணங்கிவிட்டுப் படியேறினோம். அறுபது படிக்கும் அறுபது தமிழ் வருஷங்களின் பேர். பிரபவ, விபவ, சுக்கில என்று பையன் தடங்கலே இல்லாமல் சொல்லிக்கொண்டு வந்தான். தாத்தா பாடம் அப்படி. இருபத்தேழாவது படி விஜய. அப்பா பிறந்தது 1953, இவன் பிறந்தது 2013, இரண்டுமே விஜய வருஷம். ஒவ்வொரு தடவையும் அப்பா அந்தப் படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் மேலே போவார். இவன் உட்கார்ந்து கல்லில் வெட்டியிருந்த எழுத்தைத் தடவி, "அப்பாச்சி, இது தாத்தா படி, என் படியும் இதான்" என்றான். பின்னால் வந்தவர்கள் நகரச் சொல்லிச் சத்தம் போட்டார்கள். அம்மா நகரவில்லை. அழுது முடித்துத்தான் ஏறினாள்.

மேலே நாங்கள் போய்ச் சேரவும் திருநீற்று அபிஷேகம். விபூதியில் முதிர்ந்த ஞானி, சந்தனத்தில் இளம் பாலன் என்று அப்பா சொல்லிச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அன்றைக்கு இரண்டையும் அடுத்தடுத்துக் காட்டினான் என் அப்பன். தாத்தாவும் நானே, பேரனும் நானே என்று சொன்ன மாதிரி இருந்தது. என்ன வேண்டுவது என்றே தெரியவில்லை, "முருகா, முருகா" என்பது மட்டும் வந்தது. அதற்குள் நகர்த்திவிட்டார்கள். போதும், அந்த ஒரு நிமிஷம் போதும்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. அப்பனுக்கே பாடம் சொன்ன பிள்ளையின் சன்னதி அல்லவா? தரிசனம் முடிந்து பிராகாரத்தில் அப்பா குனிந்து, வாய் பொத்தி, எங்களிடம் காதை நீட்டுவார். அந்த வருஷம் புதிதாகக் கற்ற ஒன்றைச் சொல்ல வேண்டும். வாய்ப்பாடு, நீச்சல், எதுவானாலும் "அப்படியா சாமி!" என்று கேட்டுக்கொள்வார். இந்த முறை நான் குனிந்தேன். மாத்திரையை வேளை தவறாமல் அப்பாச்சிக்கு எடுத்துக் கொடுக்கக் கற்றுக்கொண்டானாம்.

அப்பா வேண்டுதலை நிறைவேற்றி வைத்தாய் சுவாமிநாதா. அடுத்த கிருத்திகைக்குத் தங்கை பிள்ளைகளும் வருகிறார்கள். சின்னவளுக்கு வருஷப் பேரெல்லாம் இவன்தான் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறான்.