'இருந்தது' என்னும் சொல்லுடன் சில நாட்கள்

ஜூன் 4

சிறுகதையின் மூன்றாம் படியை வாசித்தபோது, முதல் பக்கத்தில் மட்டும் 'இருந்தது', 'இருந்தாள்' 11 முறை வந்திருப்பதைக் கண்டேன். 'வீடு பழையதாக இருந்தது. முற்றம் ஈரமாக இருந்தது. பாட்டி மெலிந்தவளாக இருந்தாள்.' 'is', 'was' போன்ற இணைப்பு வினைகளை வெட்ட வேண்டும் என்பது ஆங்கிலக் கதைப் பயிற்சியில் வழக்கமான அறிவுரை. ஆனால் தமிழில் இரண்டு பெயர்களை இணைக்க வினையே வேண்டியதில்லை. 'அவள் என் பாட்டி' என்பதே முழுத் தொடர். எழுவாய் கொள்ளும் பயனிலைகளை 6 ஆக வகுக்கும் தொல்காப்பியம், 'பெயர் கொள வருதல்', அதாவது ஒரு பெயரே பயனிலையாக வருவதையும், அவற்றுள் ஒன்றாக எண்ணுகிறது. அப்படியிருக்க, இத்தனை 'இருந்தது' எதற்காக வந்தது என்பதே என் கேள்வி.

ஜூன் 5

எல்லாவற்றையும் நீக்கிப் பார்த்தேன். 'பழைய வீடு. ஈர முற்றம். மெலிந்த பாட்டி.' திரைக்கதைக் குறிப்பைப் போல ஆகிவிட்டது. பிறகு, 'முற்றத்து ஈரத்தில் பாட்டியின் காலடிகள் ஆழமில்லாமல் பதிந்திருந்தன' என்று எழுதியதும் ஈரமும் மெலிவும் ஒரே தொடருக்குள் வந்து சேர்ந்தன. இங்கே வரும் 'இருந்தன' துணைவினை. செயல் முடிந்தும் அதன் தடம் நிற்பதைச் சொல்வது. சொல்லை மட்டும் எண்ணிக்கொண்டு வெட்டினால் இதுவும் பலியாகியிருக்கும்.

ஜூன் 7

'அப்பா ஆசிரியர்', 'அப்பா ஆசிரியராக இருந்தார்': இந்த இரண்டுக்கும் இடையில் காலை முழுவதும் கழிந்தது. முதலாவதில் காலமே தெரிவதில்லை. இரண்டாவதைக் கேட்டவுடன், இப்போது அவருக்கு என்ன ஆயிற்று என்று மனம் கேட்கிறது. அப்பா வேலையிழந்த செய்தி என் கதையில் நான்காம் பக்கத்தில்தான் வெளிப்படுகிறது என்பதால், தொடக்கத்தில் வினையில்லாத தொடரையே வைத்தேன்.

ஜூன் 8

நேற்றிரவு அவசரத்தில் 'அவளுக்குப் பயமாக இருந்தது' என்பதை 'அவள் பயந்தாள்' என மாற்றியது பிழை. பயந்தாள் என்றால் அவள் ஏதோ செய்துவிட்டாள். பயமாக இருந்தது என்றால் பயம் அவள்மேல் வந்து தங்கியிருக்கிறது, அவள் அதைச் சுமக்கிறாள். இரவு முழுதும் கதவையே பார்த்தபடி கிடக்கும் சிறுமிக்கு இரண்டாவதுதான் பொருந்தும். பழையபடி திருத்திவிட்டேன்.

ஜூன் 10

'அது ஊரின் ஒரே கிணறு ஆகும்' என்றொரு தொடர் எப்படியோ நுழைந்திருந்தது. பாடநூல் வாடை, 'ஆகும்' உடனே போயிற்று. பாட்டியின் 'நல்லா இருக்கியா?' மட்டும் யாரும் தொடக்கூடாதது.

முதல் பக்கத்தில் இப்போது எஞ்சியிருப்பது 'கட்டில் காலியாக இருந்தது' என்ற ஒன்றுதான். 'கட்டிலில் யாரும் இல்லை' என்றால் யாரையோ தேடி வந்தவர் பேச்சாகிவிடுகிறது. 'கட்டில் வெறுமையாகக் கிடந்தது' என்றால் சோகத்தை முன்கூட்டியே அறிவித்துவிடுகிறது. மூன்று முறை அடித்து, மூன்று முறையும் அதையே திரும்ப எழுதினேன்.