பெண் வீட்டு ஊர் ஃப்ரைபூர்க்: கல்யாணத்துக்குப் போகிறவர்களுக்கு

ஜெர்மனியில் கல்யாணம் என்று பத்திரிகை வந்ததும் நம்மவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "அங்கிருந்து பாரிஸ் எவ்வளவு தூரம்?" அடுத்தது ஸ்விட்சர்லாந்து. போன செப்டம்பரில் நண்பனின் கல்யாணத்துக்குத் திருச்சியிலிருந்து வந்த கூட்டமும் அதையேதான் கேட்டது. பெண்ணின் ஊர் ஃப்ரைபூர்க். நான் பக்கத்தில் லைப்சிக்கில் இருப்பதால், மாப்பிள்ளை வீட்டாரைச் சுற்றிக் காட்டும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் கிடைக்கிற இரண்டொரு நாளை ரயிலிலேயே தொலைக்காதீர்கள், பெண்ணின் ஊரையே ஆற அமரப் பாருங்கள் என்பது என் கட்சி. அத்தையும் சித்தப்பாவும் என் பேச்சைக் கேட்டார்கள். கேட்காத இளவட்டங்கள் பாரிஸ் போய் ஈபிள் கோபுர வரிசையில் நின்றுவிட்டு வந்தார்கள்.

முதலில் ஓர் எச்சரிக்கை. ஜெர்மனியில் ஒன்றுக்கு மேற்பட்ட ஃப்ரைபூர்க் உண்டு. பெரியது, பெயர் பெற்றது, தென்மேற்கு மூலையில் கருங்காட்டை ஒட்டி இருக்கிறது. நாம் போக வேண்டியது உன்ஸ்ட்ரூட் ஆற்றங்கரையில் இருக்கும் சின்ன ஃப்ரைபூர்க், ஸாக்ஸன்-அன்ஹால்ட் மாநிலம். ஜெர்மன் எழுத்தில் ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம். தங்கும் அறையோ ரயில் டிக்கெட்டோ போடும்போது ஊர்ப் பெயருடன் ஆற்றின் பெயரும் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் நீங்கள் நாட்டின் மறு கோடியில் இறங்கி நிற்கும்போது இங்கே மோதிரம் மாற்றி முடித்திருப்பார்கள். ஹாலேவுக்கும் இதே கதைதான். ஸாலே ஆற்றங்கரை ஹாலே ஒன்று, வெஸ்ட்ஃபாலியாவில் இன்னொன்று.

சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு ஃப்ராங்க்ஃபர்ட் வசதி. அங்கிருந்து வேக ரயிலில் எர்ஃபுர்ட், பிறகு சாதாரண ரயிலில் நௌம்பூர்க், அங்கே ஒரு குட்டி ரயில் பிடித்தால் பத்து நிமிடத்தில் ஃப்ரைபூர்க். வந்து சேர்ந்த பிறகு ஊர் சுற்ற மாநில நாள் டிக்கெட் ஒன்று போதும். ஒரே டிக்கெட்டில் ஐந்து பேர் வரை போகலாம். பக்கத்து மாநிலங்களான ஸாக்ஸனி, தூரிங்கியாவிலும் செல்லும் என்பதால் லைப்சிக்கும் அடக்கம். வார நாட்களில் காலை 9 மணிக்கு மேல்தான் ஏறலாம், வேக ரயில்களில் ஏறவே கூடாது, டிக்கெட்டில் பெயர் எழுதியிருக்க வேண்டும். குடும்பமாக வரும் நம்மவர்களுக்கென்றே செய்து வைத்தது மாதிரி இருக்கும்.

ஃப்ரைபூர்க் திராட்சை ஊர். ஸாலே-உன்ஸ்ட்ரூட் என்ற இந்தப் பகுதியில் 998ஆம் ஆண்டு ஆவணத்திலேயே திராட்சைத் தோட்டங்கள் பேசப்படுகின்றன. இத்தனை வடக்கே திராட்சை விளைவது அதிசயம்தான். சுண்ணாம்புக்கல் சரிவுகளில் சாந்து பூசாமல் அடுக்கிய கற்சுவர்கள் பகலில் வெயிலை வாங்கி வைத்து இரவில் கொடிகளுக்குச் சூடு தருகின்றன. ஊருக்கு மேலே குன்றில் நொயன்பூர்க் கோட்டை. 1090 வாக்கில் கட்டத் தொடங்கியது. அதில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு தளத் தேவாலயம் இருக்கிறது. மேலே பிரபுக்கள், கீழே மற்றவர்கள், நடுவே தரையில் ஒரு திறப்பு. பூசை ஒன்று, உட்காரும் இடம் வேறு. பார்த்ததும் சித்தப்பா, "எல்லா ஊரிலும் இதே கதைதானா" என்றார்.

ஊருக்குள் ரோட்கெப்ஷன் என்ற நுரைமது ஆலையின் நிலவறை இருக்கிறது. 1896இல் செய்த பெரிய பீப்பாய் ஒன்று உள்ளே நிற்கிறது. 25 ஓக் மரங்களை அறுத்துச் செய்தது, 1,20,000 லிட்டர் பிடிக்கும். குடிக்காதவர்களும் பார்க்கலாம். கிழக்கு ஜெர்மனியின் அரசு ஆலையாக இருந்து, இரு ஜெர்மனிகளும் இணைந்த பிறகு தப்பிப் பிழைத்து, 2002இல் மேற்கின் மும் என்ற நுரைமது நிறுவனத்தையே வாங்கியது இது. பெண்ணின் அப்பா அதைச் சொல்லும்போது குரலில் ஒரு பெருமிதம் தெரிந்தது. பதிவு அலுவலகத்தைவிட்டு மணமக்கள் வெளியே வந்ததும் கையில் கொடுத்த கோப்பையிலும் அதுதான்.

கல்யாணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சட்டப்படி செல்லுவது பதிவு அலுவலகக் கல்யாணம் மட்டுமே. அது சீக்கிரம் முடிந்துவிடும், குறித்த நேரத்துக்குத் தொடங்கிவிடும். மண்டபத்துக்குச் சாவகாசமாகப் போய்ப் பழகியவர்கள் ஜாக்கிரதை. வாசலில் ஒரு மரக்கட்டையை வைத்து, இருபக்கக் கைப்பிடி ரம்பத்தால் மணமக்களை அறுக்கச் சொல்வார்கள். பட்டுப்புடவையோடு மணப்பெண் அறுத்த வேகத்துக்கு மாப்பிள்ளைதான் திணறினான். மதியம் கேக்கும் காப்பியும், பிறகு இரவுச் சாப்பாடு, அதற்கும் பிறகு ஆட்டம். நடுவில் நிறைய நேரம் இருக்கும், நல்ல செருப்பு போட்டுக்கொண்டு போங்கள்.

சைவக்காரர்களுக்குச் சாப்பாடு கிடைக்கும், கேட்டு வாங்க வேண்டும். உருளைக்கிழங்கு உருண்டையும் காளான் குழம்பும் பிரமாதம், ஆனால் அந்தக் குழம்பு இறைச்சிச் சாறில் செய்ததா என்று விசாரியுங்கள். வறுத்த உருளைக்கிழங்கில் பன்றிக்கொழுப்புத் துண்டுகள் ஒளிந்திருக்கலாம். செப்டம்பரில் எங்கும் விற்கும் வெங்காய கேக்கிலும் அப்படியே. அதோடு குடிக்கத் தருவது ஃபெடர்வைசர், பாதி நொதித்த புது மது. கலங்கலாக, இனிப்பாக, பதநீரின் தம்பி மாதிரி இருக்கும். வாயு வெளியேற வேண்டுமென்பதால் புட்டியை இறுக்கி மூட மாட்டார்கள், நிமிர்த்தித்தான் வைக்க வேண்டும். இது தெரியாமல் சித்தப்பா பையில் படுக்கவைத்துக்கொண்டு ரயிலேறினார். ரிசப்ஷனுக்கு வைத்திருந்த வேட்டி சட்டை எல்லாம் அன்று இரவே துவைக்க வேண்டியதாயிற்று.

செப்டம்பர் இரண்டாவது வார இறுதியில் ஃப்ரைபூர்க்கில் அறுவடைத் திருவிழா. அந்த நாட்களில் கல்யாணம் என்றால் அறைகளை மாதக்கணக்கில் முன்னாலேயே பிடித்துவிடுங்கள். திருவிழா இல்லாத நாட்களில் திராட்சைத் தோட்டக்காரர்கள் தங்கள் முற்றத்திலேயே நடத்தும் பருவகால மதுக்கடைகளைத் தேடிப் போங்கள். வருடத்தில் நான்கு மாதம் வரைதான் திறக்க அனுமதி. மேசையை ஒட்டியே கொடிகள் தொங்கும்.

நௌம்பூர்க்குக்கு அரை நாளாவது வேண்டும். ரயில் நிலையத்திலிருந்து ஊருக்குள் போக கிழக்கு ஜெர்மனிக் காலத்துப் பழைய டிராம் ஓடுகிறது. ஜெர்மனியின் மிகச் சிறிய டிராம் சேவைகளில் ஒன்று, இந்தச் சவாரிக்காகவே ஏறலாம். 2018இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பேராலயத்தின் உள்ளே மேற்குப் பகுதியில், ஆலயத்துக்குக் கொடை தந்தவர்களின் பன்னிரண்டு கற்சிலைகள் நிற்கின்றன. 13ஆம் நூற்றாண்டில் செதுக்கியவை. அவர்கள் இறந்து இருநூறு ஆண்டுகள் கழித்து, முகம் பார்த்திராத சிற்பி செய்தது. ஆனாலும் ஒவ்வொன்றும் தெருவில் பார்த்த ஆள் போலிருக்கும். உத்தா என்ற சீமாட்டி மேலங்கியின் கழுத்துப்பட்டையைக் கன்னம் வரை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அழகு, இறுமாப்பு, சோகம் என்று ஜெர்மானியர்கள் என்னென்னவோ எழுதியிருக்கிறார்கள். அத்தை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "குளிருது போல, பாவம்" என்றார். கோயிலுக்குள் இருந்த குளிருக்கு எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. நேரமிருந்தால் சந்தைச் சதுக்கத்தை ஒட்டிய வென்ஸல் தேவாலயத்தில் உள்ள ஆர்கனைக் கேளுங்கள். 1746இல் இசைமேதை பாக் நேரில் வந்து சோதித்துப் பார்த்து ஒப்புக்கொண்ட கருவி.

ஹாலேவுக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். அங்கே தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருப்பது நெப்ரா வான்வட்டு. சுமார் 3,600 வருடப் பழமை கொண்ட வெண்கலத் தட்டில் தங்கத்தால் சூரியனோ முழுநிலவோ ஒன்று, பிறை, புள்ளிகள். அதில் நெருக்கமாக இருக்கும் ஏழு புள்ளிகளும் நம் கார்த்திகை நட்சத்திரக் கூட்டம் என்கிறார்கள். 1999இல் உலோகக் கருவியோடு திருட்டுத்தனமாகத் தோண்டியவர்கள் எடுத்துக் கள்ளச்சந்தையில் விற்றார்கள். 2002இல் ஸ்விட்சர்லாந்தின் பாசெல் நகரில், வாங்க வந்தவர்கள் போலப் பேரம் பேசி மீட்டார்கள். சிலைக் கடத்தல் செய்திகள் படித்துப் பழகிய நமக்கு இந்தக் கதை சட்டென்று புரியும்.

ஆனால் நம்மவர்கள் விடவே கூடாத இடம் ஃப்ராங்கே அறநிலையம். 1698இல் தொடங்கிய அனாதை இல்லம், பள்ளி, நூலகம் எல்லாம் சேர்ந்த ஒரு தனி ஊர். தரங்கம்பாடிக்கு 1706இல் வந்து இறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்க் ஹாலேவில் படித்தவர்தான். அவருக்குத் தமிழ் அச்செழுத்துகளை வார்த்து அனுப்பியதும் ஹாலேதான். எழுத்து பெரிதாக இருந்து காகிதம் ஏகமாகச் செலவானதால் தரங்கம்பாடியிலேயே சிறிதாக வார்த்துக்கொண்டார்கள். தமிழில் புதிய ஏற்பாடு 1715இல் முழுதாக வந்தது. அவர் அதற்கும் முன்பே, 1708இல், கொன்றைவேந்தனையும் உலகநீதியையும் ஜெர்மனில் பெயர்த்திருந்தார். நம் தெய்வங்களைப் பற்றி எழுதிய பெரிய நூலையும் ஹாலேவுக்கு அனுப்பினார். மதம் மாற்றப் போனவன் அந்த ஊர்ச் சாமிகளைப் பற்றி எழுதுவதா என்று இங்கிருந்தவர்களுக்குப் பிடிக்கவில்லை. அது அச்சேறியது 1867இல், அதுவும் சென்னையில். ஓலைச்சுவடிகள் இங்கே ஆவணக் காப்பகத்தில் இன்னும் இருக்கின்றன. காட்சிக்கு வைத்திருப்பது அனாதை இல்லக் கட்டடத்தின் மேல்மாடியில் உள்ள பழம்பொருள் கூடம். கூரையிலிருந்து முதலை ஒன்று தொங்க, பழைய அலமாரிகளில் இந்தியாவிலிருந்து வந்த சாமான்கள். பள்ளிச் சுற்றுலாவில் டேனிஷ் கோட்டை பார்த்திருந்த அத்தை, ஒவ்வொரு அலமாரியிலும் தரங்கம்பாடிப் பெயரைத் தேடி நின்றதில் மதியச் சாப்பாடு மூன்று மணிக்குத்தான்.

வெயில் இருந்தால் கடைசி நாளுக்கு கைசல்டால் ஏரி. நிலக்கரி தோண்டிய பள்ளத்தில் 2003 முதல் 2011 வரை தண்ணீர் விட்டு நிரப்பியது. செயற்கை ஏரிகளில் ஜெர்மனியிலேயே பரப்பில் பெரியது. சுரங்கச் சரிவில் இப்போது திராட்சைத் தோட்டம். குளிக்கலாம், தண்ணீர் குளிர்ந்துதான் இருக்கும்.

ஞாயிறன்று கடைகள் கிடையாது. பெரிய ரயில் நிலையங்களில் மட்டும் சில திறந்திருக்கும், சனிக்கிழமையே பாலும் தயிரும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஹாலேவின் பழம்பொருள் கூடத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை. ஞாயிறு கல்யாணம், செவ்வாய் விமானம் என்று திட்டம் போட்டிருந்தால் ஹாலேவைக் கல்யாணத்துக்கு முன்னாலேயே முடித்துவிடுங்கள்.