டொங்கான் நொளக்கிய மூன்று சிம்மிகள்

'நேற்று டொங்கான் தகுளியில் மூன்று சிம்மிகளை நொளக்கினான்.' இந்த வாக்கியத்துக்கு எந்தப் பொருளும் கிடையாது. ஆனாலும் கேள்வி கேட்டுப் பாருங்கள். நொளக்கியது யார்? எங்கே நொளக்கினான்? எத்தனை சிம்மிகள்? எப்போது? நான்குக்கு நான்கு மதிப்பெண் வாங்கிவிடலாம். சிம்மி என்பது பறவையா பாத்திரமா என்று தெரியவேண்டிய அவசியமே இல்லை.

ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளில் ஆங்கிலப் பத்தியைக் கொடுத்து நாம் கேட்கும் கேள்விகளில் பெரும்பகுதி இந்த ரகம்தான். கேள்வியில் இருக்கும் சொல்லைப் பத்தியில் தேடு, அது இருக்கும் வரியை அப்படியே இறக்கு. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை என்று எந்த மாவட்டத்துப் பள்ளியிலும் விடைத்தாளைப் புரட்டினால் இந்த இறக்குமதி கண்ணில் படும். மதிப்பெண்ணும் குறைவதில்லை. ஆகவே பையனுக்குப் புரிகிறது என்று நாமும் நம்பிவிடுகிறோம்.

இதற்கு மாற்று மருந்து ஒன்றுதான். பத்தியில் உள்ள சொல் கேள்வியில் வரக்கூடாது. பத்தி 'அந்த ஆண்டு மழை பொய்த்தது, களஞ்சியம் பாதிதான் நிறைந்தது' என்று சொன்னால், கேள்வி 'விளைச்சல் ஏன் குறைந்தது' என்று இருக்கட்டும். ஐந்து கேள்விகளில் ஒன்றாவது, இரண்டு வரிகளைச் சேர்த்துப் பார்த்தால்தான் விடை கிடைப்பதாக இருக்க வேண்டும். இன்னொன்று, பத்தியில் சொல்லாமல் உணர்த்திய விஷயத்தைக் கேட்க வேண்டும். டொங்கான் செய்தது நல்ல காரியமா என்று கேட்டால், பொருள் தெரியாதவன் அங்கேயே நின்றுவிடுவான்.

கேள்வி எழுதி முடித்ததும் ஒரு சோதனை செய்யலாம். பத்தியை மறைத்துவிட்டு, கேள்விகளை மட்டும் வேறு செக்‌ஷனுக்குக் கொடுங்கள். நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியில் குத்துமதிப்பாக டிக் அடித்தாலே நாலில் ஒரு பங்கு சரியாக வரும். அதைவிட நிறைய சரியாக வந்தால், அந்தக் கேள்வி வாசிப்பைச் சோதிக்கவில்லை, பொது அறிவைச் சோதிக்கிறது. டெல்டாவில் நெல், வாய்க்கால், கல்லணை பற்றிப் பத்தி வைக்கிறவர்கள் விழும் குழி இதுதான். மேட்டூர் அணை எப்போது திறக்கும் என்று கேட்டால், ஆங்கிலத்தில் ஒரு எழுத்தும் தெரியாத பிள்ளைகூட ஜூன் 12 என்று எழுதும்.

அதற்காகப் பனிச்சறுக்கு, பாதாள ரயில் என்று பத்தி எடுத்தால் மறுபக்கம் சாய்கிறது. பிள்ளை தோற்றது ஆங்கிலத்திலா, பார்த்திராத உலகத்திலா என்று சொல்ல முடியாது. பழகிய விஷயத்தையே எடுத்து, வழக்கத்துக்கு மாறான ஒரு விவரத்தை அதில் வைப்பது நல்ல வழி. 2022இல் மேட்டூர் அணை மே 24ஆம் தேதியே திறக்கப்பட்டது. அந்த ஆண்டைப் பற்றிப் பத்தி எழுதித் தேதியைக் கேளுங்கள். மே 24 என்று எழுதியவர் படித்தவர். ஜூன் 12 என்று எழுதியவர் பத்தியைத் தொடவே இல்லை. இப்படித் தவறான விடையே நமக்குச் செய்தி சொல்லும்படி கேள்வி அமைவதைத்தான் நான் நல்ல வினாத்தாள் என்பேன். வெறும் சுழிக்குப் பேச்சு கிடையாது.

அடுத்தது சொற்கள். ஒரு பத்தியைத் துணையில்லாமல் நன்றாகப் புரிந்துகொள்ள, அதில் உள்ள சொற்களில் சுமார் 98 சதவீதம் தெரிந்திருக்க வேண்டும் என்று 2000இல் ஹூவும் நேஷனும் செய்த ஆய்வு காட்டியது. இருநூறு சொல் பத்தியில் தெரியாத சொல் நான்கு என்று கணக்கு. பத்தைத் தாண்டினால் நீங்கள் வைப்பது அகராதித் தேர்வு. பத்தியை முடிவு செய்வதற்கு முன், வேறு செக்‌ஷனில் நடுத்தரமாகப் படிக்கும் மூன்று பேரைக் கூப்பிட்டுத் தெரியாத சொல்லின் கீழ் கோடு போடச் சொன்னால் போதும், பத்து நிமிஷ வேலை. முதல் மாணவரைக் கூப்பிட்டால் பத்தி எளிதாகத் தெரியும், கடைசி மாணவரைக் கூப்பிட்டால் மலையாகத் தெரியும். நடுவில் இருப்பவர்தான் அளவுகோல்.

சொல் எல்லாம் தெரிந்தும் வாக்கியத்தில் வழுக்குவது வேறு நோய். 'த பாய் ஹூ கேம் வித் த ஓல்டு மேன் லாஸ்ட் ஹிஸ் அம்ப்ரெல்லா.' குடையைத் தொலைத்தது யார்? வகுப்பில் பலரும் கிழவர் என்பார்கள். 'ஓல்டு மேன்', 'லாஸ்ட்' இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. தமிழில் 'கிழவரோடு வந்த பையன் குடையைத் தொலைத்துவிட்டான்' என்கிறோம். பெயரெச்சம் முன்னால் வந்து ஒதுங்கிக்கொள்கிறது, பையன் வினைக்கு அருகிலேயே இருக்கிறான். ஆங்கிலத்தில் அந்த அடைமொழி பெயருக்குப் பின்னால் வந்து எழுவாயையும் வினையையும் பிரித்துவிடுகிறது. 'அன்லெஸ்' என்ற சொல்லும் இப்படித்தான். மழை பெய்யாவிட்டால் என்று தமிழில் எதிர்மறை வினையிலேயே காதில் விழும். ஆங்கிலத்தில் அது வாக்கியத்தின் தலையிலேயே ஒரு சொல்லுக்குள் ஒளிந்துகொண்டு, 'இட் ரெயின்ஸ்' என்று நேர்மறையாக நீள்கிறது. இந்த இரண்டு வகை வாக்கியமும் பத்தியில் ஒவ்வொன்று இருந்தால், தவறு சொல்லிலா அமைப்பிலா என்று பிரித்துவிடலாம்.

கோடிட்ட இடம் நிரப்பும் க்ளோஸ் தேர்வும் பயன்படும். 1953இல் வில்சன் டெய்லர் கொண்டுவந்தது. குறிப்பிட்ட இடைவெளியில் சொல்லை நீக்கிக்கொண்டே போவதுதான் முறை. ஐந்துக்கு ஒன்று என்று நீக்குவது வழக்கம், நம் பிள்ளைகளுக்கு ஏழுக்கு ஒன்று போதும். முதல் வாக்கியத்தையும் கடைசி வாக்கியத்தையும் தொடக்கூடாது. திருத்தும்போது ஒரே சொல்தான் வேண்டும் என்று அடம்பிடிக்காமல், பொருந்துகிற எதற்கும் மதிப்பெண் தர வேண்டும். தமிழில் 'த', 'ஏ' போன்ற சொற்கள் இல்லாததால் அந்த இடங்களில் தவறு குவியும். அவற்றைத் தனியாக எண்ணுங்கள், இல்லாவிட்டால் நன்றாகப் புரிந்துகொண்ட பிள்ளையும் தோற்றவர் கணக்கில் சேர்ந்துவிடுவார். பாடப்புத்தகப் பத்தியை இதற்கு எடுக்கவே கூடாது. மனப்பாடம் உள்ளே வந்துவிடும்.

வாசிப்புக்காவது காகிதம் இருக்கிறது. கேட்டல் தேர்வுக்குக் காற்றுதான். பத்தாம் வகுப்பு அரசுப் பொதுத்தேர்வில் ஆங்கிலத்துக்கு 100 மதிப்பெண்ணும் எழுத்துத் தேர்வுதான், காதுக்கு ஒன்றும் இல்லை. புத்தகத்தில் கேட்டல் பயிற்சி இருந்தாலும், கேட்க வேண்டிய பகுதி அதே புத்தகத்தில் அச்சாகியிருந்தால் முன்வரிசைப் பிள்ளை அதைப் புரட்டிப் பார்த்துவிடும். ஆகவே பதிவை நாமே தயாரிப்பது மேல்.

120 முதல் 150 சொல் கொண்ட பேச்சு போதும். கட்டுரையை எடுத்து வாசித்தால் அது காதில் நுழையும் வாசிப்புத் தேர்வாகிவிடும். இரண்டு பேர் பேசுவது, பேருந்து நிலைய அறிவிப்பு, வழி சொல்வது என்று வாயிலிருந்து வரும் மொழியாக இருக்கட்டும். நிமிடத்துக்கு 110 முதல் 120 சொல் என்ற வேகம் ஒன்பதாம் வகுப்புக்கு ஏற்றது. கைப்பேசியில் பதிவு செய்யும்போது மின்விசிறியை நிறுத்திவிட்டு, வாய்க்கு நேராக வைக்காமல் ஒரு சாண் தள்ளிப் பக்கவாட்டில் வைத்தால் மூச்சு இடிக்கும் சத்தம் விழாது. பதிவு செய்வதை வகுப்பு ஆசிரியரே செய்ய வேண்டாம். பிள்ளைகள் அவர் குரலுக்கு ஓராண்டாகப் பழகியிருக்கிறார்கள். பக்கத்துப் பள்ளி ஆசிரியர் குரல் இருந்தால் உண்மை தெரியும்.

ஆசிரியரே நேரில் வாசிப்பதில் இன்னொரு ஆபத்து. விடை இருக்கும் வரி வந்ததும் குரல் தானாக உயரும், வேகம் குறையும், கண் வகுப்பை ஒரு சுற்று சுற்றும். பிள்ளைகள் ஆங்கிலத்தைக் கேட்பதில்லை, இந்த ஜாடையைக் கேட்கிறார்கள். பாசத்தில் செய்வதுதான், ஆனால் தேர்வு போய்விடுகிறது.

ஒலி எல்லா பெஞ்சுக்கும் போகிறதா என்பதைத் தொடங்குமுன் பார்த்துவிட வேண்டும். ப்ளூடூத் ஸ்பீக்கரைக் கரும்பலகை அருகே வைப்பதைவிட வகுப்பின் நடுவில், மேஜை உயரத்தில் வையுங்கள். ஐந்து எண்களைப் பதிவிலிருந்து ஒலிக்கவிட்டு எழுதச் சொல்லுங்கள். கடைசி பெஞ்சில் எல்லோரும் ஐந்தில் நான்கையாவது சரியாக எழுதினால் தொடங்கலாம். அதில் 'தர்ட்டீன்', 'தர்ட்டி' இரண்டையும் சேர்க்காதீர்கள். அழுத்தத்தை வைத்துச் சொல்லைப் பிரிக்கும் பழக்கம் தமிழில் இல்லாததால் அங்கே காது சறுக்கும், ஸ்பீக்கர் மேல் பழி விழும். 'பேக்' என்று தமிழில் எழுதிவைத்தால் முதுகா பையா என்று நமக்கே தெரியாது. இந்த ஜோடிகளைக் கேட்பதென்றால் ஒரு தேர்வில் ஒன்றிரண்டு போதும். பேச்சில் சூழலே பெரும்பாலும் காப்பாற்றிவிடும்.

ஹைடெக் லேப் இருக்கும் பள்ளியில் ஹெட்போன் வசதி உண்டு. முந்தின நாளே ஒவ்வொன்றையும் இரண்டு காதிலும் மாட்டிப் பார்க்க வேண்டும், ஒரு காது செத்த ஹெட்போன் கட்டாயம் ஒன்று இருக்கும். இரண்டு தொகுதியாக நடத்தினால், முதல் தொகுதி வெளியே வந்து வராண்டாவில் கேள்வியைச் சொல்லிவிடும். ஆகையால் இரண்டு பதிவு தேவை.

நடத்தும் முறை எளியது. கேள்வித்தாளை முதலில் கொடுத்துப் படிக்க ஒரு நிமிடம். முதல் முறை கேட்க மட்டும், பேனா கீழே. இரண்டாம் முறை கேட்டுக்கொண்டே எழுதலாம். கேள்விகள் பேச்சின் வரிசையிலேயே வர வேண்டும், இரண்டு விடைகளுக்கு நடுவே பத்துப் பதினைந்து நொடியாவது இடைவெளி வேண்டும். ஆறு கேள்விக்கு மேல் வைத்தால் அது ஞாபகசக்திப் போட்டி. குறிப்பு எடுக்கலாம், தமிழில் எடுத்தாலும் சரி.

சரியா தவறா என்று கேட்கும் வகையை நான் பெரிதாக நம்புவதில்லை. நாணயம் சுண்டினாலும் பத்துக்கு ஐந்து வரும். 'டோன்ட் யூ லைக் இட்?' போன்ற எதிர்மறைக் கேள்வி பேச்சில் வந்தால் இன்னும் குழப்பம். 'நீ வரலையா?' என்றால் நாம் 'ஆமா, வரல' என்போம். ஆங்கிலத்தில் அதற்கு 'நோ'. பிள்ளை சரியாகப் புரிந்துகொண்டே தவறாக டிக் அடித்திருக்கும்.

இதைவிடப் படம் வரையச் சொல்வது எவ்வளவோ மேல். ஒரு தெரு, ஒரு வாய்க்கால் மட்டும் போட்ட தாளைக் கொடுங்கள். கோயில், குளம், மதகு, ரைஸ்மில், பஸ் ஸ்டாப், பள்ளி, கூட்டுறவு வங்கி, ஆலமரம் ஆகிய எட்டும் எங்கே இருக்கின்றன என்று பதிவு சொல்லட்டும். கேட்டு இடத்தைக் குறித்தால் எட்டு மதிப்பெண். எழுத்துப்பிழை என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒரே ஒரு எச்சரிக்கை: இடப்பக்கம், வலப்பக்கம் என்பது யார் நிற்கும் பக்கம் என்று சண்டை வரும். தாளில் ஒரு மனித உருவமும் அவர் பார்க்கும் திசைக்கு ஒரு அம்புக்குறியும் போட்டுவிட வேண்டும்.

எழுதும் விடைகளில் எழுத்துப்பிழைக்கும் இலக்கணப்பிழைக்கும் மதிப்பெண் குறைக்கக்கூடாது, அதைச் சோதிக்க வேறு கேள்வி இருக்கிறது. பின்தங்கிய பிள்ளைகளுக்கு ஒரு முறை தமிழிலேயே விடை எழுத அனுமதித்துப் பாருங்கள். ஆங்கிலத்தில் வெற்றுத்தாள் கொடுத்தவரிடமிருந்து தமிழில் முழு விடை வந்தால், அவருக்கு இல்லாதது புரிதல் அல்ல, எழுத்து. இரண்டுக்கும் ஒரே சிறப்பு வகுப்பு நடத்துவது வீண்.

திருத்திய பிறகு அரைமணி நேரம் ஒதுக்கினால் கேள்விகளுக்கே மதிப்பெண் போடலாம். நாற்பது தாளை மதிப்பெண் வரிசையில் அடுக்கி, மேலே 27 சதவீதம், கீழே 27 சதவீதம், அதாவது பதினொன்று, பதினொன்று தாள்களை இரண்டு கட்டுகளாக எடுங்கள். ஒரு கேள்வியை மேல் கட்டில் 9 பேரும் கீழ்க் கட்டில் 3 பேரும் சரியாக எழுதியிருந்தால் வித்தியாசம் 6, பதினொன்றால் வகுத்தால் 0.55. நல்ல கேள்வி. 0.2க்குக் கீழே போனால் அடுத்த முறை வேண்டாம். மேல் கட்டில் 4, கீழ்க் கட்டில் 7 என்று வந்தால் விடைக்குறிப்பை ஒரு தரம் பாருங்கள். பெரும்பாலும் தப்பு நம்முடையதாக இருக்கும்.

கேட்டல் தேர்வுக்கு நாள் பார்ப்பதுதான் இந்தப் பக்கத்தில் பெரும்பாடு. ஆடியில் மாரியம்மன் கோயில் ஒலிபெருக்கி, ஐப்பசி கார்த்திகையில் அடைமழை, அரையாண்டுத் தேர்வுச் சமயம் மார்கழிக் காலைப் பாட்டு, தை மாசியில் பள்ளிக்கு அடுத்த வயலில் அறுவடை இயந்திரம், அதை விட்டால் கொள்முதல் நிலையத்துக்குப் போகும் லாரி. கோடையில் விசிறியை நிறுத்த முடியாது, ஆகையால் முதல் பீரியடுதான் சரி. ஆஸ்பெஸ்டாஸ் கூரை வகுப்பில் தூறல் விழுந்தாலே பதிவு காதில் ஏறாது. அப்படி நடுவில் மழை பிடித்தால் ஓய்ந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரக்கூடாது. பாதி கேட்டவர்கள் அதற்குள் பேசி முடித்திருப்பார்கள். தாள்களை வாங்கி வைத்துவிட்டு, இரண்டாவது பதிவோடு இன்னொரு நாள் நடத்த வேண்டும். இரண்டாவது பதிவு கையில் இல்லாத ஐப்பசி நாளில், வடகிழக்கை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் ஸ்பீக்கரைத் தூக்குவது.