படிக்காத புத்தகக் குவியல்: பாதி வருஷக் கணக்கு

இந்த வருஷம் "எத்தனை புத்தகம் படிச்சேன்"னு கணக்கு வைக்கறதை விட்டுட்டு, வீட்ல படிக்காம கிடக்கறதுல எத்தனை குறைஞ்சுதுன்னு கணக்கு வைக்க ஆரம்பிச்சேன். பாதி வருஷம் தாண்டியாச்சு. எது வேலைக்கு ஆச்சு, எது சும்மா ஷோவுக்கு நின்னுச்சுன்னு இப்பவே எழுதி வச்சுடலாம்னு தோணுச்சு, ஏன்னா வருஷக் கடைசில எழுதினா எல்லாமே முன்னாடியே திட்டம் போட்டு பண்ண மாதிரி அழகா வந்துரும்.

முதல் வேலை, அலமாரி, கட்டில் ஓரம், ஆபீஸ் பைன்னு எங்கெல்லாம் கிடக்கோ அத்தனையும் எடுத்து தரைல பரப்பினது. தோராயமா 140 வந்துச்சு. அந்த நம்பர் கூட பரவால்ல, எதிர்பார்த்ததுதான். எதிர்பார்க்காதது என்னன்னா, அதுல மூணுல ஒரு பங்கு படிக்காத புத்தகமே இல்ல, பாதில விட்டது. அடையாளத்துக்கு வச்சதெல்லாம் உள்ளயே இருக்கு. பழைய பில்லு, ஏதோ கவரோட ஓரம், ஒண்ணுல காலி மாத்திரை அட்டை. பெரும்பாலும் 40ஆம் பக்கத்துக்கும் 80ஆம் பக்கத்துக்கும் நடுவுலதான் நிக்குது, அதாவது ஆளுங்க எல்லாரும் அறிமுகமாகி முடிஞ்சு, இனிமே நாமளும் கொஞ்சம் உழைக்கணும்ங்கற இடம் வந்ததும் நைசா நழுவியிருக்கேன்.

அதனால "படிக்கணும்"னு ஒரே லிஸ்ட்ல எல்லாத்தையும் போடறது சரிப்படாதுன்னு தெரிஞ்சுபோச்சு. தொடாதது வேற, பாதில நிக்கறது வேற. இந்த ரெண்டுக்கும் வைத்தியமும் வேற வேற.

அடுத்தது, படிச்ச புத்தகத்தைக் கணக்கு வைக்கற ஆப் விஷயம். லைப்ரரிதிங் 2005லயே வந்துடுச்சு, குட்ரீட்ஸ் 2007ல, ஸ்டோரிகிராஃப் 2019ல. நான் ரொம்ப நாளா குட்ரீட்ஸ் ஆளு. அங்க அவங்க ஆரம்பத்துல குடுத்த ஷெல்ஃப் மூணுதான்: படிச்சது, படிச்சிட்டிருக்கறது, படிக்க நினைக்கறது. பாதில விட்டதுக்கு ரொம்ப நாள் நாமளா ஒரு ஷெல்ஃப் போட்டுக்க வேண்டியிருந்துச்சு, போடலைன்னா "படிச்சிட்டிருக்கேன்"லயே வருஷக்கணக்கா கிடந்துச்சு. ஸ்டோரிகிராஃப்ல "முடிக்கலை"ன்னு தனியாவே ஒண்ணு இருக்கு, கால் ஸ்டார் அரை ஸ்டார்லாம் குடுக்கலாம், குட்ரீட்ஸ்ல முழு ஸ்டார்தான். இங்கிலீஷ் புத்தகம் மட்டும் படிக்கறவங்களுக்கு இதுல ஏதோ ஒண்ணு போதும்.

தமிழ் படிக்கறவங்களுக்குத்தான் தலைவலி. பின்னட்டைல இருக்கற பார்கோடை ஸ்கேன் பண்ணா புத்தகம் வந்துடும்னு பேரு. 2007ல இருந்து ஐஎஸ்பிஎன் (ஒவ்வொரு பதிப்புக்கும் தனியா குடுக்கற புத்தக நம்பர்) 13 இலக்கம், அதுக்கு முன்னாடி 10 இலக்கம், அதுக்கும் முன்னாடி வந்த பழைய பதிப்புல நம்பரே கிடையாது. நம்பர் இருந்தாலும் தேடினா ஒரே புத்தகம் தமிழ் எழுத்துல ஒரு தடவை, இங்கிலீஷ் எழுத்துல ரெண்டு விதமான ஸ்பெல்லிங்ல ரெண்டு தடவைன்னு மூணா வந்து நிக்கும். ஆசிரியர் பேர் அதைவிட மோசம், இனிஷியல் முன்னாடி இருக்கா பின்னாடி இருக்கான்னு பார்த்து ஒரே ஆள் ரெண்டு ஆளா ஆயிடுவார்.

அதனால ஆப்பை விட்டு ஸ்ப்ரெட்ஷீட்டுக்கு மாறிட்டேன். குட்ரீட்ஸ்ல இருந்து உங்க லிஸ்ட் மொத்தத்தையும் சிஎஸ்வி ஃபைலா (கமா போட்டுப் பிரிச்ச சாதா டெக்ஸ்ட் ஃபைல்) இறக்கிக்கலாம். இறக்கினதும் நேரா டபுள் கிளிக் பண்ணி எக்செல்ல திறந்தீங்கன்னா தமிழ்ப் பேரெல்லாம் கோணல்மாணலா குறியீடா தெரியலாம், டேட்டா போச்சேன்னு பயப்பட வேண்டாம். காலி ஷீட்டைத் திறந்து, டேட்டா மெனுல டெக்ஸ்ட் ஃபைல்ல இருந்து இறக்குமதி பண்ணி, எழுத்து முறைல 65001 யூனிகோட் யூடிஎஃப்-8ஐத் தேர்ந்தெடுத்தா ஒழுங்கா வந்துரும். கூகுள் ஷீட்ஸ்ல இந்தப் பிரச்சனை வர்றதில்ல. இன்னொன்னு, ஐஎஸ்பிஎன் காலத்தை (காலம்னா ஷீட்ல மேல இருந்து கீழ போற பத்தி) நம்பரா விட்டா எக்செல் அதை 9.78E+12ன்னு சுருக்கிக் காட்டும், 10 இலக்க நம்பர் சைபர்ல ஆரம்பிச்சா அந்த சைபரையே முழுங்கிடும். அந்தக் காலத்தை டெக்ஸ்ட்டுன்னு மாத்தி வச்சுக்கோங்க.

என் ஷீட்ல காலம் ரொம்ப இல்ல. பேரு, ஆசிரியர், வீட்டுக்குள்ள வந்த தேதி, எந்தப் பக்கத்துல நிக்குது, வெளிய போன தேதி, எப்படிப் போச்சு (படிச்சு முடிச்சு, விட்டு, குடுத்து). வந்த தேதி தெரியாததுக்கு தோராயமா வருஷம் மட்டும் போட்டேன். இதுக்கெல்லாம் மேல ஒரு காலம், "எதுக்கு வாங்கினேன்".

சத்தியமா சொல்றேன், மொத்த வேலைல உருப்படியானது அந்த ஒரு காலம்தான். 140க்கும் உட்கார்ந்து எழுதறது அலுப்பான வேலை, ஆனா எழுதி முடிச்சு அந்த காலத்தை வச்சு வரிசைப்படுத்திப் பார்த்தா புத்தகமெல்லாம் தானா கட்சி பிரிஞ்சு நிக்குது. "தள்ளுபடில கிடைச்சுது"ன்னு எழுதினது ஒண்ணு விடாம தொடாதது, கண்ணாடித்தாள் கூட பிரிக்கலை சிலது. "எல்லாரும் பேசிட்டிருந்தாங்க"ங்கறது முக்காவாசி பாதில நிக்குது. "இதே ஆசிரியரோட இன்னொண்ணு பிடிச்சிருந்துச்சு"ன்னு போட்டது எல்லாம் எடுத்தா முடிச்சிடறேன். அப்புறம் ஒரு சோகமான கோஷ்டி இருக்கு, "அப்போ அதுல ஆர்வம்". போட்டோ எடுக்கறது, செஸ் ஓப்பனிங், ஒரு பழைய புரோகிராமிங் மொழி. ஆர்வம் கிளம்பிப் போய் காலமாச்சு, புத்தகம் மட்டும் இன்னும் நின்னுட்டிருக்கு.

இப்ப கணக்கு. படிக்கற வேகத்தைப் பத்தி மார்க் பிரிஸ்பேர்ட்ங்கற ஆய்வாளர் 2019ல முந்தைய ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்து, இங்கிலீஷ்ல பெரியவங்க மனசுக்குள்ள படிக்கறது நிமிஷத்துக்கு சராசரியா கதை அல்லாததுன்னா 238 வார்த்தை, கதைன்னா 260ன்னு சொன்னார். இதை அப்படியே தமிழுக்குப் போட முடியாது, நம்மகிட்ட "போய்க்கொண்டிருந்தவர்களுக்கும்"னு ஒரே வார்த்தைல ஒரு வாக்கியமே அடங்கிடும். அதனால வார்த்தையை விட்டுட்டு பக்கத்தை எண்ணினேன், போன்ல டைமர் வச்சு. எனக்கு ஒரு பக்கத்துக்கு ரெண்டு நிமிஷம். 300 பக்க நாவல்னா 10 மணி நேரம். தினம் அரை மணி நேரம் படிச்சா 20 நாள். ஒரு நாள் விடாம படிச்சாலே வருஷத்துக்கு 18 புத்தகம், நிஜத்துல அவ்ளோ வராது. 140ஐ 18ஆல வகுத்தா கிட்டத்தட்ட எட்டு வருஷம், அதுவும் புதுசா ஒண்ணு கூட வாங்காம இருந்தா.

வரிசைல நிக்கற கூட்டத்தைப் பத்தி ஜான் லிட்டில்னு ஒருத்தர் 1961ல நிரூபிச்ச விதி ஒண்ணு இருக்கு: வரிசையோட நீளம்ங்கறது வர்ற வேகத்தை காத்திருக்கற நேரத்தால பெருக்கினது. பேங்க், ஃபேக்டரி, கம்ப்யூட்டர் சர்வர் எல்லாத்துக்கும் பொருந்தும், அலமாரிக்கும் பொருந்துது. மாசத்துக்கு ரெண்டு உள்ள வந்து ரெண்டு வெளிய போனா, 140 அப்படியே 140தான் நிக்கும், இன்னிக்கு வாங்கற புத்தகம் சராசரியா 70 மாசம் காத்திருக்கும். ஆறு வருஷம் கழிச்சு படிக்கப்போறதை இன்னிக்கே ஏன் வாங்கணும்? இதைப் பார்த்ததும் எனக்குத் தெளிவாச்சு, வேகமாப் படிச்சு இந்தக் குவியலைக் குறைக்க முடியாது. வாசல்ல நிறுத்தணும், இல்ல பின்பக்கமா அனுப்பணும்.

வாசலுக்குப் போட்ட ரூல் சிம்பிள். ஏதாவது வாங்கணும்னு கை அரிச்சா வாங்காம இன்னொரு டேப்ல எழுதிடறது, தேதி, யார் சொன்னது, எதுக்கு. ஒரு மாசம் கழிச்சும் வேணும்னு தோணினா வாங்கலாம், அதுக்கும் அதுக்குள்ள குவியல்ல இருந்து மூணு வெளிய போயிருக்கணும். வேடிக்கை என்னன்னா, எழுதி வச்சதும் பாதி ஆசை அடங்கிடுது. மாசம் கழிச்சுப் பார்த்தா சில வரிக்கு "இதை ஏன் எழுதினேன்"னே ஞாபகம் வரல. புத்தகக் கண்காட்சிக்குப் போகும்போது மட்டும் இந்த ரூலை சத்தம் போடாம தளர்த்திக்கறேன், அதுல எனக்கு வெட்கமெல்லாம் இல்ல, அங்க மட்டும் கிடைக்கற சின்னப் பதிப்பகத்து புத்தகம் அடுத்த வருஷம் இருக்கும்னு உத்தரவாதம் இல்ல.

பின்பக்கமா அனுப்பறதுக்கு நூலகர்கள்கிட்ட இருந்தே ஒரு வழி கிடைச்சுது. அவங்க அப்பப்போ அலமாரில வேண்டாத புத்தகத்தைக் களையெடுப்பாங்க. டெக்சஸ் மாநில நூலகத்து கையேட்டுல "மஸ்டி"ன்னு ஒரு சுருக்கக்குறி இருக்கு, ஆறு காரணம்: தகவல் தப்பாப் போனது, கிழிஞ்சு நைஞ்சது, புதுப் பதிப்போ இதைவிட நல்லதோ வந்துட்டது, சரக்கில்லாதது, நமக்கு சம்பந்தமில்லாதது, வேற இடத்துல சுலபமா கிடைக்கறது. வீட்டுக்கு இந்தக் கடைசி காரணம்தான் பெரிய ஆயுதம். நாட்டுடைமை ஆன பழைய எழுத்தாளர்களோட நிறைய நூல்கள் இணையத்துலயே இருக்கு, மதுரைத் திட்டம் 1998ல இருந்து இந்த வேலையைப் பண்ணிட்டிருக்கு. அப்படி எப்ப வேணா எடுத்துக்கலாம்ங்கறதெல்லாம் குவியல்ல இடம் அடைக்க வேண்டியதில்ல. புரோகிராமிங் புத்தகம் முதல் காரணத்துலயே போச்சு. செஸ் புத்தகங்களை பக்கத்து வீட்டுப் பையன் வாங்கிட்டுப் போய் அன்னிக்கு ராத்திரியே சந்தேகம் கேக்க வந்துட்டான், எனக்குப் பதில் தெரியல. நூலகவியல்ல ரங்கநாதன் 1931ல வகுத்த ஐந்து விதில மூணாவது, ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதுக்குன்னு ஒரு வாசகர். அந்த செஸ் புத்தகத்தோட வாசகர் நான் இல்லைங்கறது நல்லாவே தெரிஞ்சுது.

குடுக்கறதைப் பத்திப் பேசினாலே யாராவது இத்தாலிய எழுத்தாளர் உம்பர்த்தோ எக்கோவை இழுப்பாங்க. அவர்கிட்ட 30,000 புத்தகம் இருந்துச்சாம், படிக்காத புத்தகம்தான் படிச்சதைவிட மதிப்புன்னு நசீம் தாலிப்ங்கற எழுத்தாளர் 2007ல அவரை வச்சு எழுதினார்னு. சரிதான், ஆனா எக்கோ பேராசிரியர், அவருக்கு அது வேலைக்கான ஆய்வுக்கூடம். தள்ளுபடில வாங்கின துப்பறியும் நாவலை வச்சு நான் என்ன ஆராய்ச்சி பண்ணப்போறேன். அகராதி, கலைக்களஞ்சியம், உரை நூல் மாதிரி எடுத்துப் புரட்டறதை மட்டும் குவியல் கணக்குல இருந்தே எடுத்துட்டேன், அது ஒரு பதினஞ்சு போல இருக்கும், அதுங்க படிச்சு முடிக்கறதுக்கு இல்ல.

பாதில நின்னதுக்கு நான்சி பேர்ல்னு ஒரு அமெரிக்க நூலகர் சொன்ன ரூலைப் பிடிச்சுக்கிட்டேன்: 50 பக்கம் படி, பிடிக்கலைன்னா விடு. 50 வயசுக்கு மேலன்னா 100ல இருந்து வயசைக் கழிச்சு வர்ற பக்கம் படிச்சா போதும். பாதில நின்னதை எல்லாம் எடுத்து, நின்ன இடத்துல இருந்து பத்துப் பக்கம் படிச்சேன். திரும்ப முதல்ல இருந்து ஆரம்பிக்கணும்னு தோணினது "தொடாதது"க்குப் போச்சு, அப்படியே தொடரணும்னு தோணினது மேசைக்கு வந்துச்சு, ரெண்டும் இல்லாதது பெட்டிக்குப் போச்சு. ஒரு வார இறுதில இந்தக் கட்சி பாதியா குறைஞ்சுது. ஆனா இந்த 50 பக்க ரூலை எல்லாத்துக்கும் போடாதீங்க. பெரிய குடும்பக் கதைகள்ல சிலது நூறு பக்கம் வரைக்கும் ஆளுங்களையும் ஊரையும் நட்டுட்டே இருக்கும், அங்க 50ல எழுந்து வந்தா நஷ்டம் நமக்குத்தான். சிறுகதைத் தொகுப்புக்கு நான் பக்கத்தை எண்றதே இல்ல, மூணு கதை.

வருஷ இலக்கு வைக்கறதைப் பத்தியும் சொல்லணும். 50 புத்தகம்னு டார்கெட் வச்சா நவம்பர்ல கை தானா ஒல்லிப் புத்தகத்தைத் தேடும். சார்லஸ் குட்ஹார்ட்ங்கற பொருளாதார நிபுணர் பேர்ல ஒரு விதி சொல்வாங்களே, ஒரு அளவையே இலக்கா ஆக்கிட்டா அது நல்ல அளவா இருக்கறதை நிறுத்திடும்னு, அதுவேதான். 900 பக்கத்து தடி ஒண்ணு வருஷா வருஷம் பின்னுக்குத் தள்ளப்பட்டு கடைசில அலமாரிக்கு முட்டுக்கொடுக்கற கல்லு மாதிரி ஆயிடும். அதனால இப்ப நான் பார்க்கற நம்பர் வேற, குவியல்லயே ரொம்பப் பழசு எந்த வருஷம் வீட்டுக்கு வந்தது. மாசத்துக்கு ஒண்ணாவது பழைய பத்துல இருந்து எடுக்கணும், மத்ததெல்லாம் மனசு போன போக்குல. ஆரம்பிக்கும்போது பழசு 2009, இப்ப 2013.

ஒரு தொல்லை மட்டும் இன்னும் தீரலை, நூலகத்துல எடுத்துட்டு வர்றது. அதுக்குத் திருப்பிக் குடுக்க வேண்டிய தேதி இருக்கு, அதனால எப்பவும் அதுதான் முன்னாடி போகுது, வீட்டுப் புத்தகம் பின்னாடி நின்னு பட்டினி கிடக்குது. இப்போதைக்கு நூலகப் புத்தகம் ஒண்ணு முடிச்சா வீட்டுது ஒண்ணுன்னு மாத்தி மாத்திப் போறேன், புதுப்பிச்சு புதுப்பிச்சு வச்சிருக்கற ஒண்ணால அந்தச் சுழற்சி மாட்டிக்கிச்சு.

140ல இப்ப 90 சொச்சம் இருக்கு. அதுல படிச்சு முடிச்சதால குறைஞ்சது சின்னப் பங்குதான், மிச்சம் குடுத்தது, விட்டது, கணக்குல இருந்து எடுத்தது. அக்கா பார்த்துட்டு "இது படிக்கறதா, வீட்டை ஒழிக்கறதா"ன்னு கேட்டா. ரெண்டும்தான்னேன். அடுத்த பாதில கை வைக்க வேண்டியது போன்லயும் ஈரீடர்லயும் கிடக்கற ஈபுக், பிடிஎஃப், இலவச சாம்பிள் எல்லாம். கண்ணுக்குத் தெரியாததால அது எத்தனைன்னு இன்னும் எண்ணவே இல்ல. சாம்பிளை முதல்ல அழிக்கப்போறேன், வேணும்னா திரும்ப இறக்கிக்கலாம். பிடிஎஃப்க்கு இதே ஷீட்ல ஒரு டேப் திறந்து வச்சிருக்கேன், "எதுக்கு இறக்கினேன்" காலத்தோட.