நெடுந்தூர பிசினஸ் கிளாஸ்: டிக்கெட் எடுப்பதிலிருந்து பெட்டி கைக்கு வரும் வரை

பத்து, பதினான்கு மணி நேரப் பயணத்துக்கு பிசினஸ் கிளாஸ் எடுப்பவர் காசு கொடுப்பது முக்கியமாகத் தூக்கத்துக்குத்தான். ஷாம்பெயின், சூடான துண்டு, சின்னப் பையில் வரும் க்ரீம் எல்லாம் கொசுறு. இதை மனதில் வைத்துக்கொண்டால் எந்த சீட், எப்போது சாப்பாடு, விமான நிலைய ஓய்விடமான லவுஞ்சில் எவ்வளவு நேரம் என்பதெல்லாம் சுலபமாக முடிவாகிவிடும்.

டிக்கெட் எடுக்கும்போது நிறுவனத்தின் பெயரை மட்டும் பார்த்துப் பணம் கட்டாதீர்கள். எந்த ரக விமானம், அதில் சீட்டுகளை எப்படிப் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். சீட் மேப்பில் 1-2-1 என்று இருந்தால், அதாவது ஒரு வரிசையில் ஒரு சீட், நடைபாதை, இரண்டு சீட், நடைபாதை, ஒரு சீட் என்று இருந்தால், எல்லோருக்கும் நடைபாதைக்கு நேர் வழி உண்டு. 2-2-2 என்றால் பெரும்பாலும் ஜன்னலோரம் இருப்பவர், பக்கத்தில் தூங்குபவரின் காலைத் தாண்டித்தான் கழிவறைக்குப் போக வேண்டும். எமிரேட்ஸின் பழைய போயிங் 777 விமானங்களில் 2-3-2. அதாவது பிசினஸ் கிளாஸிலும் நடு சீட்! அதே நிறுவனத்தின் இரண்டு தள ஏர்பஸ் ஏ380 மேல்தளத்தில் 1-2-1. கத்தார் ஏர்வேஸ் 2017-இல் கதவு வைத்த சீட்டான க்யூசூட்டைக் கொண்டுவந்தது. ஆனால் அதன் எல்லா விமானங்களிலும் அது கிடையாது. ஒரு நிறுவனத்தில் டிக்கெட் எடுத்து, கோட்ஷேர் என்ற பெயரில் இன்னொரு நிறுவனத்தின் விமானத்தில் ஏறுவதும் நடக்கும். விமானத்தை இயக்குவது யார் என்று டிக்கெட்டில் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். தேர்வு இருந்தால் போயிங் 787 அல்லது ஏர்பஸ் ஏ350 எடுங்கள். பழைய ரக விமானங்கள் பலவற்றில் கேபின் காற்றழுத்தம் சுமார் 8,000 அடி உயரத்தில் இருப்பதுபோல இருக்கும். இவை இரண்டிலும் 6,000 அடி அளவுதான். இறங்கும்போது தலை கனப்பது குறையும்.

1-2-1 என்று பார்த்ததும் நிம்மதியாகிவிடக் கூடாது. முன்பின்னாகத் தள்ளித் தள்ளிப் போட்ட அமைப்பில் ஜன்னல் பக்க சீட்டுகளில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் சீட் ஜன்னலை ஒட்டி இருக்கும், மேசை நடைபாதைப் பக்கம் இருக்கும். மற்றதில் தலைகீழ்; தோள் நடைபாதையில், போகிறவர் வருகிறவர் எல்லாம் இடிப்பார்கள். ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை இப்படி மாறும். சீட் மேப்பில் கட்டம் ஜன்னல் கோட்டை ஒட்டி இருக்கிறதா என்று உற்றுப் பார்த்தால் தெரியும். கால் நீட்டும் பொந்து முன் சீட்டின் மேசைக்கு அடியில் போகும். பல விமானங்களில் அது இரண்டு பாதங்களை அடுக்கி வைக்கும் அகலம்தான். புரண்டு படுப்பவர்களுக்குப் பெரும் தொந்தரவு. தடுப்புச் சுவரை ஒட்டிய முதல் வரிசையில் பொந்து அகலமாக இருக்கும். ஆனால் குழந்தைத் தொட்டில் மாட்டுவதும் பெரும்பாலும் அங்கேதான். சமையல் பகுதிக்குப் பக்கத்து வரிசையில் இரவு முழுக்க வெளிச்சமும் தட்டுச் சத்தமும் உண்டு. சீட் தேர்ந்தெடுத்த பிறகும் பயணத்துக்கு ஒரு வாரம் முன்பும் முந்தைய நாளும் மறுபடி பாருங்கள். விமானத்தை மாற்றினால் சீட் எண்ணும் சத்தமில்லாமல் மாறிவிடும்.

கட்டண வகையையும் படித்துவிடுங்கள். எமிரேட்ஸின் ஸ்பெஷல், கத்தாரின் லைட் போன்ற மலிவு பிசினஸ் கட்டணங்களில் படுக்கை அதேதான், ஆனால் லவுஞ்ச் கிடையாது. எகானமி டிக்கெட் எடுத்துவிட்டு, காலி பிசினஸ் சீட்டுக்கு ஏலம் கேட்டு மேலே போனால் லவுஞ்ச் உண்டா என்பது நிறுவனத்தைப் பொறுத்தது. இணைப்பு விமானம் எகானமி என்றால் அந்த ஊர் லவுஞ்சில் விடுவார்களா என்பதற்கான விதி, விமான நிறுவனங்கள் சேர்ந்து வைத்திருக்கும் கூட்டணிக்குக் கூட்டணி வேறு. செக்-இன் கவுன்ட்டரிலேயே கேட்டுவிடுவது நல்லது.

லவுஞ்சைப் பற்றி ஒரு உண்மை: பாதி லவுஞ்சுகள் நெரிசலான கேன்டீன் மாதிரிதான். நிறுவனம் சொந்தமாக நடத்துவது ஒரு ரகம், வெளியாரிடம் வாடகைக்கு எடுத்தது இன்னொரு ரகம். கூட்டணியின் வேறு லவுஞ்ச் அதே முனையத்தில் இருந்தால் பெரும்பாலும் அதற்கும் உங்கள் போர்டிங் பாஸ் செல்லும். இரண்டையும் எட்டிப் பார்த்துவிட்டு உட்காருங்கள். உள்ளே நுழைந்ததும் சாப்பாட்டைத் தேடாமல் குளியலறைக்குப் பெயர் கொடுங்கள். நள்ளிரவில் நெடுந்தூர விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பும் ஊர்களில் ஷவருக்கு நீண்ட வரிசை நிற்கும். பெயர் கொடுத்துவிட்டுச் சாப்பிடுங்கள்.

இரவு விமானமென்றால் வயிறார இங்கேயே சாப்பிட்டுவிடுவதுதான் சரி. ஏறிய பிறகு முழுச் சாப்பாடு பரிமாறி முடிய ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஆகும். ஏழு மணி நேர விமானத்தில் அது பயண நேரத்தில் கால்வாசி!

பல லவுஞ்சுகளில் விமான அறிவிப்பே செய்ய மாட்டார்கள். விமானம் கிளம்பும் நேரத்துக்கு 15, 20 நிமிடம் முன்பே கேட்டை மூடிவிடுவார்கள். பெரிய நிலையங்களில் அங்கே போய்ச் சேரவே இன்னொரு இருபது நிமிடம். சிங்கப்பூர் சாங்கி போன்ற இடங்களில் பாதுகாப்புச் சோதனை கேட்டிலேயே நடக்கும். லவுஞ்சில் எடுத்த தண்ணீர் பாட்டிலை அங்கே தூக்கிப் போட வேண்டியதுதான்.

ஏறியதும் பணியாளரிடம் மூன்று விஷயம் சொல்லிவிடுங்கள்: சாப்பாடு வேண்டுமா வேண்டாமா, காலை உணவுக்கு எழுப்பலாமா, படுக்கை விரித்துத் தர முடியுமா. சில சீட்டுகள் பட்டனை அழுத்தினால் தட்டையாகும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் 777-300ஈஆர் போன்றவற்றில் முதுகுப் பலகையையே முன்பக்கம் மடக்கிப் போட்டால்தான் படுக்கை. தெரியாமல் பட்டனை அழுத்திக்கொண்டே இருப்பவர்களைப் பார்க்கலாம். போர்வைக்கு மேலே பெல்ட்டைக் கட்டுங்கள். விமானம் குலுங்கும்போது பெல்ட் தெரிந்தால் எழுப்ப மாட்டார்கள். கேபினில் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் கீழே. தொண்டை வறளும், நாக்கில் உப்பும் இனிப்பும் மந்தமாகும். சாப்பாடு சப்பென்று இருப்பதற்குப் பாதிக் காரணம் அதுதான். சைவம் உள்ளிட்ட சிறப்பு உணவைக் குறைந்தது 24 மணி நேரம் முன்பு பதிவு செய்ய வேண்டும்.

கைபேசி சீட் இடுக்கில் விழுந்தால் சீட்டை ஒரு அங்குலம்கூட நகர்த்தாதீர்கள். சீட்டின் மோட்டார் பொறிமுறையில் சிக்கி லித்தியம் பேட்டரி நசுங்கினால் தீப்பிடிக்கும். எழுந்து நின்று பணியாளரைக் கூப்பிடுங்கள், அவர்கள் எடுத்துத் தருவார்கள். பவர் பேங்கும் அப்படித்தான்: சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் 2025 ஏப்ரல் முதலும் எமிரேட்ஸில் 2025 அக்டோபர் முதலும் விமானத்துக்குள் அதைப் பயன்படுத்தத் தடை.

சீட் மடங்கவில்லை, திரை வேலை செய்யவில்லை என்றால் வானில் இருக்கும்போதே பணியாளரிடம் சொல்லி, பழுதுப் பதிவில் எழுதச் சொல்லுங்கள், படமும் எடுத்துக்கொள்ளுங்கள். இறங்கிய பிறகு இழப்பீடு கேட்டு எழுதும்போது அந்தப் பதிவைத்தான் தேடுவார்கள்.

இறங்குமிடத்தில் லவுஞ்ச் அபூர்வம். லண்டன் ஹீத்ரோ ஐந்தாம் முனையத்தில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் நடத்துவது அப்படி ஒன்று. பெட்டியில் கட்டும் முன்னுரிமை அட்டையை நம்பி உடனே வாடகைக் காருக்குச் சொல்லிவிடாதீர்கள். பெல்ட்டில் முதலில் வர வேண்டிய பெட்டி எல்லோருடையதோடும் கலந்து வருவது சர்வ சாதாரணம்.