ஃபோகஸ் என்றால் அடுப்பு

"கொஞ்சம் ஃபோகஸ் பண்ணு" என்பது இன்றைக்கு வீடு, பள்ளிக்கூடம், ஆபீஸ் என்று எங்கேயும் கேட்கிற அறிவுரை. ஆனால் அந்தச் சொல்லின் பூர்வீகத்தில் மனமும் கிடையாது, கவனமும் கிடையாது. லத்தீனில் 'ஃபோகுஸ்' என்றால் அடுப்பு, அவ்வளவுதான்.

பழைய ரோமானிய வீட்டில் சமைப்பது, குளிர் காய்வது எல்லாம் அதைச் சுற்றித்தான், லாரெஸ் என்று அவர்கள் கும்பிட்ட வீட்டுத் தெய்வங்களுக்குப் படைப்பதும் அங்கேதான். பலிபீடங்களுக்காகவும் அடுப்புகளுக்காகவும் போரிடுவது என்று அவர்களிடம் ஒரு வழக்கே உண்டு, அதாவது சாமியையும் வீட்டையும் காப்பாற்றச் சண்டை போடுவது.

நெருப்புக்கு லத்தீனில் 'இக்னிஸ்' என்று தனிச்சொல் இருந்தது. சமஸ்கிருத அக்னிக்கு அது பங்காளி முறை. வண்டியில் சாவி போட்டுத் திருகுகிறோமே, இக்னிஷன், அது இந்த வழியில் வந்ததுதான். ஆனால் பேச்சு வழக்கில் சனங்கள் மெல்ல மெல்ல நெருப்பையே அடுப்பு என்று சொல்ல ஆரம்பித்து, கடைசியில் இக்னிஸ் படித்தவர்களின் ஏட்டோடு ஒதுங்கிவிட்டது. இத்தாலியனில் ஃபுவோகோ, ஸ்பானிஷில் ஃபுவேகோ, பிரெஞ்சில் ஃபூ, எல்லாமே நெருப்பு, எல்லாமே அடுப்பின் பிள்ளைகள். பேக்கரியில் கிடைக்கிற ஃபொக்காச்சியா ரொட்டி அடுப்பில் சுட்டதால் அந்தப் பெயர். ஃப்யூயலும் இதே குடும்பம். எனக்கு ரொம்பப் பிடித்தது கர்ஃப்யூ: பழைய பிரெஞ்சில் 'நெருப்பை மூடு' என்று பொருள், ராத்திரி மணியடித்ததும் அடுப்பை மூடி அணைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஊரே பற்றிக்கொள்ளும் என்ற பயம். (மாஜிக்காரர்கள் மந்திரம்போலச் சொல்கிற ஹோக்கஸ் போக்கஸுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, யாராவது கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன்.)

சரி, அடுப்பு எப்படி லென்ஸுக்குள் போனது?

அதற்குக் காரணம் கெப்ளர் என்ற ஜெர்மன் வானியல் அறிஞர். 1604இல் ஒளியியல் பற்றி லத்தீனில் எழுதிய புத்தகத்தில், நீள்வட்டம், பரவளையம் போன்ற வளைவுகளுக்குள் இருக்கும் சில விசேஷப் புள்ளிகளுக்குப் பெயர் தேவைப்பட்டது. ஒளியை மனதில் வைத்து அவற்றை ஃபோகுஸ் என்று அழைப்போம் என்று எழுதிவிட்டு மேலே போய்விடுகிறார், அடுப்பு ஏன் என்று விளக்கவில்லை. ஆனால் ஊகிப்பது கஷ்டமில்லை. பூதக்கண்ணாடியை வெயிலில் பிடித்துக் காகிதத்தைப் பொசுக்காத பையன் உண்டா? கதிர்கள் கூடுகிற இடத்தில் தீப்பிடிக்கிறது, ஆகவே அது அடுப்பு. ஜெர்மன்காரர்கள் இன்னும் வெளிப்படையாக, 'எரியும் புள்ளி' என்றே சொல்கிறார்கள். ஐந்து வருடம் கழித்து, 1609இல், செவ்வாய் சூரியனை நீள்வட்டத்தில் சுற்றுகிறது, சூரியன் அதன் ஒரு ஃபோகஸில் இருக்கிறது என்று அதே கெப்ளர் காட்டினார். பெயர் வைத்தபோது இது அவருக்குத் தெரியாது, ஆனாலும் அடுப்பு என்று சொன்ன இடத்தில் சூரியனே வந்து உட்கார்ந்தது அபாரமான பொருத்தம்.

கவனம் என்கிற பொருள் இதற்கெல்லாம் ரொம்பப் பின்னால், ஒளியைக் குவிப்பதுபோல மனதையும் குவிக்கலாம் என்ற எண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. நாம் எடுத்துக்கொண்டது லென்ஸ் கடையின் அர்த்தத்தை மட்டும்தான்: ஒரே புள்ளி, மற்றதெல்லாம் மங்கல், விட்டால் பொசுங்கும். ரோமானிய அடுப்போ அப்படியில்லை, அதைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து சாப்பிடலாம், வம்பு பேசலாம், நடுவில் ஒருத்தர் தூங்கிக்கூடப் போகலாம். பரீட்சைக்கு முதல் நாள் பிள்ளையிடம் நாம் கேட்பது என்னவோ பூதக்கண்ணாடியைத்தான், எனக்கென்றால் அந்தப் பழைய அடுப்பின் மேல்தான் ஆசை.